கையைக் கடிக்காத ஜூம் லென்ஸ்: எதைப் பார்த்து வாங்குவது?

கேமரா வாங்கி நாலைந்து மாதம் ஆனதும் பலருக்கும் ஒரு குறை தோன்றும். பெட்டியோடு வந்த லென்ஸில் மரக்கிளைப் பறவை பொட்டு மாதிரித் தெரிகிறது. பள்ளி மேடையில் ஆடும் பிள்ளையின் முகம் அடையாளம் தெரியாத அளவுக்குச் சின்னதாக இருக்கிறது. உடனே தெரிந்தவர்களிடம் கேட்பார்கள்: "நல்லா தூரம் இழுக்கிற மாதிரி ஒரு லென்ஸ் சொல்லுங்களேன், விலையும் ரொம்பப் போகக் கூடாது."

என்னிடம் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது வேறு: "உங்களுக்கு எவ்வளவு அகலம் வேண்டும்?" தூரத்தைப் பற்றிக் கேட்டால் அகலத்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று முகம் சுருங்கும். ஆனால் ஒரே லென்ஸை மாட்டிக்கொண்டு வீடு, வெளியூர், விழா எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், செலவும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்றால் முதலில் பார்க்க வேண்டியது அகலம், அதாவது ஒரு படத்துக்குள் எவ்வளவு காட்சி அடங்கும் என்பது. அடுத்து வெளிச்சம். தூரம் கடைசி. பெரும்பாலானோர் இந்த வரிசையைத் தலைகீழாக வைத்துக்கொண்டு வாங்குகிறார்கள். வாங்கிய ஆறு மாதத்தில் அந்த லென்ஸ் அலமாரிக்குப் போய்விடுகிறது.

லென்ஸின் விளிம்பில் எழுதியிருப்பது

முன்மூடியை எடுத்துவிட்டுக் கண்ணாடியைச் சுற்றியுள்ள வளையத்தைப் பாருங்கள். கேமராவோடு வந்த கிட் லென்ஸ் என்றால் பெரும்பாலும் 18-55 என்று ஓர் எண் இருக்கும். 1:3.5-5.6 என்று இன்னொன்று. குறுக்கே கோடு போட்ட ஒரு வட்டமும் பக்கத்தில் 58 அல்லது 55 என்றும் இருக்கும். இந்தக் கடைசி எண்ணை இப்போதே ஒதுக்கிவிடலாம். அது லென்ஸின் முகப்பில் திருகி மாட்டும் ஃபில்டரின் விட்டம். மூடி தொலைந்தால் புது மூடி வாங்க உதவும், அவ்வளவுதான்.

18-55 என்பது மில்லிமீட்டர் கணக்கில் குவியத் தூரம். இதைப் புரிந்துகொள்ள இயற்பியல் வேண்டாம், ஒரு ஜன்னல் போதும். ஜன்னலை ஒட்டி நின்று வெளியே பாருங்கள்: தெரு முழுவதும், இரண்டு பக்க வீடுகளும், மேலே வானமும் தெரியும். அப்படியே பத்தடி பின்னால் வாருங்கள். அதே ஜன்னல் வழியாக இப்போது எதிர்வீட்டு வாசல் மட்டும்தான் தெரியும். குவியத் தூரம் குறைவாக இருந்தால் ஜன்னலை ஒட்டி நிற்பது போல. கூடினால் பின்னால் தள்ளி நிற்பது போல. பின்னால் நிற்கும்போது தெரிகிற அந்தச் சின்னத் துண்டை லென்ஸ் படம் முழுக்க நிரப்பிக் கொடுக்கிறது. தூரத்தில் இருப்பது கிட்டே வந்த மாதிரித் தெரிவது அதனால்தான்.

ஜூம் என்ற சொல்லையும் இங்கேயே சரி செய்துகொள்வோம். ஜூம் என்றாலே தூரத்தை இழுப்பது என்று பேச்சில் ஆகிவிட்டது. குவியத் தூரத்தை மாற்றிக்கொள்ள முடிகிற எந்த லென்ஸும் ஜூம்தான். 10-20 மி.மீ. லென்ஸ் ஒரு ஜூம், ஆனால் அது எதையும் கிட்டே கொண்டுவராது. 300 மி.மீ. மட்டுமே உள்ள லென்ஸ் நன்றாகக் கிட்டே கொண்டுவரும், ஆனால் அது ஜூம் இல்லை. "10 மடங்கு ஜூம்" என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், பெரிய எண்ணைச் சிறிய எண்ணால் வகுத்தால் பத்து வருகிறது என்று மட்டுமே பொருள். 35 மி.மீ. ஸ்டில் கேமராவுக்கென முதன்முதலில் 1959இல் வந்த ஜூம் லென்ஸ் வோக்ட்லேண்டரின் ஜூமார். அது 36-82 மி.மீ., அதாவது இரண்டேகால் மடங்குதான். இன்றைக்கு 22 மடங்கு வரை கிடைக்கிறது. மடங்கு கூடக் கூட லென்ஸ் நல்லதாகிறதா என்பதைப் பின்னால் பார்ப்போம்.

அதே 18, வேறு கேமராவில் வேறு அகலம்

கேமராவுக்குள் படத்தைப் பதிவுசெய்யும் சென்சாரின் அளவு தெரியாமல் லென்ஸின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் முடிவு செய்ய முடியாது. ஃபுல் ஃபிரேம் சென்சார் 36க்கு 24 மி.மீ. தொடக்கநிலைக் கேமராக்களில் பரவலாக இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் சுமார் 23.5க்கு 15.6 மி.மீ. கேனானில் அது இன்னும் கொஞ்சம் சின்னது. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 17.3க்கு 13 மி.மீ. லென்ஸ் விரித்துக் கொடுக்கும் காட்சியில் சின்ன சென்சார் நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. அதனால் காட்சி குறுகிவிடுகிறது.

எவ்வளவு குறுகும் என்பதற்கு ஒரு பெருக்கல் போதும். நிக்கான், சோனி, ஃபியூஜி ஏபிஎஸ்-சி என்றால் 1.5ஆல் பெருக்குங்கள். கேனான் ஏபிஎஸ்-சி என்றால் 1.6. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 2. வருகிற விடைதான் ஃபுல் ஃபிரேம் கணக்கில் அந்த லென்ஸ் காட்டும் அகலம். 18-55 லென்ஸ் நிக்கானின் சின்ன சென்சாரில் 27 முதல் 82 வரை நடந்துகொள்ளும். இனி நான் "ஃபுல் ஃபிரேம் கணக்கில்" என்று சொல்லும்போதெல்லாம் இந்தப் பெருக்கலைத்தான் சொல்கிறேன்.

அகலத்தை ஒட்ட முடியாது

நான் தனியாகக் காசு கொடுத்து வாங்கிய முதல் லென்ஸ் 28-200. ஃபிலிம் காலத்தில் அது எல்லாவற்றுக்குமான லென்ஸ். என் கேமராவோ ஏபிஎஸ்-சி. 28ஐ 1.5ஆல் பெருக்கினால் 42 வரும் என்று அன்றைக்கு எனக்கு யாரும் சொல்லவில்லை. வாங்கிய மாதமே வீட்டில் பன்னிரண்டு பேர் சேர்ந்து நிற்கும் ஒரு குடும்பப் படம் எடுக்க வேண்டியிருந்தது. வளையத்தை 28க்குத் திருப்பியும் இரண்டு பக்கமும் ஆட்கள் வெளியே நின்றார்கள். பின்னால் நகர்ந்தேன், முதுகு சுவரில் முட்டியது. அதற்கு மேல் நகர இடமில்லை. ஓரத்தில் நின்ற பெரியம்மா பாதிதான் வந்தார். அந்தப் பன்னிரண்டு பேரும் மறுபடி ஒரே அறையில் சேர்ந்து நிற்கும் நாள் வரவில்லை. அந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் இப்போதும் மனசு வருத்தப்படும்.

தூரம் பற்றாவிட்டால் வழி இருக்கிறது. நாலு அடி முன்னால் போகலாம். போக முடியாவிட்டால் எடுத்த படத்தை வெட்டிக்கொள்ளலாம். உங்கள் கேமரா 24 மெகாபிக்சல் என்று வைத்துக்கொள்வோம், அதாவது 6000க்கு 4000 புள்ளிகள். 135 மி.மீ.யில் எடுத்த படத்தை 200 மி.மீ.யில் எடுத்தது போல ஆகும்வரை ஓரங்களை வெட்டினால் 4050க்கு 2700 புள்ளிகள் மிஞ்சும். கிட்டத்தட்ட 11 மெகாபிக்சல். பெரிய தாளில் அச்சிட்டுச் சுவரில் மாட்டவே அது போதும். ஆனால் 18 மி.மீ.யில் அடங்காமல் போன ஆளை எந்த மென்பொருளாலும் கொண்டுவந்து ஒட்ட முடியாது. ஆள் அசையாத கட்டடம், நிலக்காட்சி என்றால் பல படங்களை எடுத்து இணைக்கலாம். மனிதர்கள் நிற்கும் படத்தில் அது சரிப்பட்டு வராது.

இன்னொன்றும் உண்டு. குறைந்த எண்களின் பக்கம் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் கனம் அதிகம். ஏபிஎஸ்-சி சென்சாரில் 18 மி.மீ. மூலைக்கு மூலை சுமார் 76 டிகிரி காட்டும். 16 மி.மீ. சுமார் 83 டிகிரி. இரண்டே மில்லிமீட்டரில் ஏழு டிகிரி கூடுகிறது. மறுபக்கம் 200இலிருந்து 300க்குப் போனால், நூறு மில்லிமீட்டர் தாண்டியும், காட்சி 8 டிகிரியிலிருந்து 5.4 டிகிரிக்கு இறங்குகிறது, அவ்வளவுதான். கடையில் 200ஐயும் 300ஐயும் ஒப்பிட்டு மணிக்கணக்கில் யோசிப்பவர்கள் 16க்கும் 18க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுகொள்வதில்லை.

ஆக, ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24இல் தொடங்கும் லென்ஸ் கிடைத்தால் அதுவே நல்லது. கேனான் ஏபிஎஸ்-சி என்றால் 15, மற்ற ஏபிஎஸ்-சி என்றால் 16, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் என்றால் 12. கிடைக்காவிட்டால் 27, 28, மிஞ்சினால் 29 வரை இறங்கி வரலாம். அதற்கும் மேல் தொடங்கும் எதையும் "ஒரே லென்ஸ்" என்ற நோக்கத்தில் வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

வெளிச்சம் என்கிற இரண்டாவது எண்

இப்போது அந்த 1:3.5-5.6. லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளை எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதை இது சொல்கிறது. பேச்சில் இதை எஃப் 3.5, எஃப் 5.6 என்பார்கள். எண் சின்னதாக இருந்தால் துளை பெரியது. முதல் தடவை கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் கணக்கைப் பார்த்தால் தெளிவாகிவிடும். குவியத் தூரத்தைத் துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். வகுக்கும் எண் பெரிதானால் விடை சின்னதாகும், அவ்வளவுதான் விஷயம்.

இந்தக் கணக்கிலேயே விலையின் ரகசியமும் இருக்கிறது. 200 மி.மீ.யில் எஃப் 5.6 வேண்டும் என்றால் சுமார் 36 மி.மீ. துளை போதும். அதே 200இல் எஃப் 2.8 வேண்டும் என்றால் 71 மி.மீ. துளை வேண்டும். முன்கண்ணாடி அதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும், உள்ளே உள்ள கண்ணாடிகளும் அதற்கேற்பப் பெருக்க வேண்டும். எடை கூடுகிறது, விலை எங்கோ போய்விடுகிறது. அதனால்தான் மலிவான ஜூம்களில் இரண்டு எண்கள் போட்டிருக்கிறார்கள்: அகலமான முனையில் 3.5, இழுத்த முனையில் 5.6 அல்லது 6.3. நடுவில் இறங்குவதும் நாம் நினைப்பதைவிட வேகமாகவே இருக்கும். பெரும்பாலான 18-55 லென்ஸ்களில் 35 மி.மீ.யைத் தொடும்போதே துளை 4.5 அருகே வந்துவிடும்.

2.8க்கும் 5.6க்கும் நடுவில் உள்ள வித்தியாசம் இரண்டு மடங்கு என்று தோன்றும். உண்மையில் வெளிச்சத்தில் அது நான்கு மடங்கு, ஏனென்றால் துளையின் பரப்புதான் கணக்கு. பள்ளி மேடைக்கு வருவோம். ஆடுகிற பிள்ளை கலங்காமல் வர 1/250 நொடி ஷட்டர் வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 2.8 லென்ஸில் ஐஎஸ்ஓ (கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்ட வேண்டும் என்ற அளவு) 1600 போதும் என்றால், எஃப் 5.6இல் 6400 வேண்டும், எஃப் 6.3இல் 8000 வேண்டும். தொடக்கநிலைக் கேமராவில் 1600 பளிச்சென்று இருக்கும். 6400இல் கன்னத்தில், நெற்றியில் மணல் தூவியது போலப் புள்ளிகள் தெரியத் தொடங்கும். தூரம் இழுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிய லென்ஸ், எந்த மேடைக்காக வாங்கினோமோ அதே மேடையில் திணறுவதற்கு இதுதான் காரணம்.

"அதில் நடுக்கம் குறைக்கும் வசதி இருக்கிறதே?" என்று கேட்பார்கள். இருக்கிறது, நல்ல வசதிதான். கேனான் அதை ஐஎஸ் என்கிறது, நிக்கான் விஆர், சோனி ஓஎஸ்எஸ், டாம்ரான் விசி, சிக்மா ஓஎஸ். கேமராவில் மாற்றி மாட்டும் லென்ஸில் இதை முதலில் கொண்டுவந்தது 1995இல் கேனானின் 75-300. கையில் பிடித்து எடுக்கும்போது ஃபுல் ஃபிரேம் கணக்கில் 200 மி.மீ. என்றால் 1/200 நொடிக்குக் கீழே போகக் கூடாது என்பது பழைய வழக்கம். இந்த வசதி இருந்தால் 1/25 வரைகூட இறங்கலாம். ஆனால் அது தடுப்பது உங்கள் கையின் அசைவை மட்டும்தான். ஆடுகிற பிள்ளையின் அசைவை அதனால் தடுக்க முடியாது. இருட்டில் அசையாத பொருள் என்றால் நடுக்கம் குறைக்கும் வசதி காப்பாற்றும். அசைகிற ஆள் என்றால் பெரிய துளை மட்டும்தான் காப்பாற்றும்.

கேமராவுக்குள்ளேயே சென்சாரை அசைத்து நடுக்கத்தைச் சமன் செய்யும் வசதி உங்களிடம் இருந்தால், லென்ஸில் அது இல்லாவிட்டாலும் பெரிய குறையில்லை. இரண்டிலும் இல்லாமல் வாங்குவதாக இருந்தால் மட்டும் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

22 மடங்கு லென்ஸ் ஏன் ஒரு சமரசம்

1992இல் டாம்ரான் கொண்டுவந்த 28-200, கையடக்கமான ஏழு மடங்கு ஜூம் என்பதால் பெரிய பேராயிற்று. அந்த வழியில்தான் பின்னால் 18-200, 18-300 எல்லாம் வந்தன. 2017இல் அதே நிறுவனம் 18-400 வெளியிட்டது. அதுதான் 22 மடங்கு. ஒரே லென்ஸில் மலைத்தொடரையும் எடுக்கலாம், அதன் உச்சியில் உட்கார்ந்திருக்கும் கழுகையும் எடுக்கலாம். இதை எவராலும் குறைத்துச் சொல்ல முடியாது, உண்மையிலேயே பெரிய வேலைப்பாடு.

ஆனால் லென்ஸ் என்பது ஒரு குவியத் தூரத்துக்குப் பொருத்தமாகக் கண்ணாடிகளை அடுக்குவது. அதே அடுக்கு 22 மடங்கு தூரத்துக்கும் சரியாக நடந்துகொள்ள வேண்டும் என்றால் எங்கேயாவது விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். அகல முனையில் நேர்க்கோடுகள் வெளிப்பக்கம் பிதுங்கும். கொஞ்சம் இழுத்தால் உள்பக்கம் வளையும். இதைக் கேமராவே திருத்திவிடும். ஓரங்களில் விளக்குக்கம்பி மாதிரி மெல்லிய பொருள்களைச் சுற்றி ஊதா, பச்சை விளிம்பு தெரியும், அதையும் ஓரளவு திருத்தலாம். இழுத்த முனையில் படம் மெத்தென்று ஆவதைத்தான் எதனாலும் முழுதாகத் திருத்த முடியாது. துளையை எஃப் 8க்குச் சுருக்கினால் தெளிவு கூடும், அதற்கு நல்ல வெயில் வேண்டும். இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த நீண்ட ஜூம்கள் பலவற்றில், கிட்டத்தில் இருக்கும் பொருளைக் குவிக்கும்போது இழுவை குறைந்துவிடும். வளையம் 200 என்று காட்டும். ஆனால் இரண்டு மீட்டரில் உள்ள முகம் 200க்குரிய அளவுக்குப் பெரிதாக வராது.

யாருக்கு இது பொருந்தும்? பகல் வெளிச்சத்தில் பயணம் செய்பவருக்கு. தூசி பறக்கும் இடத்தில் லென்ஸை மாற்ற முடியாதவருக்கு. இரண்டு லென்ஸ் சுமக்கத் தோள் ஒத்துழைக்காதவருக்கு. அவர்கள் தயங்காமல் வாங்கலாம். பையில் கிடக்கிற அருமையான லென்ஸைவிடக் கேமராவில் மாட்டியிருக்கிற சுமாரான லென்ஸே படம் எடுக்கும். மற்ற எல்லோருக்கும் ஐந்து முதல் எட்டு மடங்குக்குள் நிற்பதுதான் என் கணிப்பில் நல்லது.

வாங்கும் முன் உங்கள் படங்களைக் கேளுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இதுவரை எடுத்ததில் உங்களுக்குப் பிடித்த நூறு படங்களைக் கணினியில் எடுத்து வையுங்கள். ஒவ்வொரு படத்தின் விவரப் பக்கத்திலும் எந்தக் குவியத் தூரத்தில், எந்தத் துளையில், எந்த ஐஎஸ்ஓவில் எடுத்தது என்று கேமராவே எழுதி வைத்திருக்கும். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டுக்கொண்டு புள்ளி வைத்துக்கொண்டே போங்கள்: 18 முதல் 24 வரை, 24 முதல் 45 வரை, அதற்கு மேல்.

புள்ளிகள் 18 பக்கம் குவிந்தால் உங்களுக்கு அகலம்தான் தேவை. தூரம் இழுக்கும் லென்ஸ் வாங்கினாலும் அதன் இழுத்த முனை தூசி படிந்துதான் கிடக்கும். 55இல் போய் முட்டிக்கொண்டு நிற்கின்றன என்றால் சரி, 135 அல்லது 140 வரை போகும் லென்ஸ் உங்களுக்கு உதவும். நடுக் கட்டத்தில் நிறைந்திருந்து, ஐஎஸ்ஓ மட்டும் 3200, 6400 என்று ஏறிக் கிடந்தால் தூரமும் வேண்டாம், அகலமும் வேண்டாம். எஃப் 2.8 உள்ள சின்ன ஜூம்தான் வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தில் "இருக்கிற லென்ஸே போதும்" என்று கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள்.

பின்புலம் மங்கலாக, முகம் மட்டும் தெளிவாக வர வேண்டும் என்பதற்காக ஜூம் தேடுகிறீர்கள் என்றால் அந்த வேலைக்கு மலிவான ஜூம் சரியான கருவி இல்லை. கிட் லென்ஸில் 55 மி.மீ., எஃப் 5.6 என்றால் துளை 10 மி.மீ. கூட வராது. ஏறக்குறைய எல்லா நிறுவனங்களும் விற்கும் 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸில் துளை சுமார் 28 மி.மீ. ஜூம் வசதி இல்லை, ஆனால் லென்ஸ்களிலேயே விலை குறைந்தவற்றில் அதுவும் ஒன்று. ஒரு நடுத்தர ஜூமும் இந்தச் சின்ன லென்ஸும் சேர்ந்தால், தனியாக ஒரு விலையுயர்ந்த ஜூம் செய்வதைவிட அதிகம் செய்யும்.

பெயர் சொல்லிப் பார்த்தால்

கேனான் ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர் (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமரா) வைத்திருப்பவருக்கு 18-135 நல்ல நடுத்தர வழி. நிக்கானில் அதற்கு இணை 18-140. இரண்டும் அரைக் கிலோவை ஒட்டிய எடை. சோனி ஏபிஎஸ்-சியில் 2018இல் வந்த 18-135 சுமார் 325 கிராம்தான், கழுத்தில் தொங்குவதே தெரியாது. அகலம் முக்கியம் என்று உங்கள் நூறு படங்கள் சொன்னால் கேனானின் 15-85, நிக்கானின் 16-85 ஆகிய பழைய லென்ஸ்களைச் செகண்ட் ஹேண்டில் தேடுங்கள். இரண்டுமே ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24இல் தொடங்குகின்றன. டிஎஸ்எல்ஆர் வைத்திருப்பவர்கள் பலர் அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறிவிட்டதால் இப்படிப்பட்ட லென்ஸ்கள் நல்ல நிலையில் கைமாறுகின்றன. புதுசை மட்டுமே பார்ப்பவர்கள் இவற்றைத் தவறவிடுகிறார்கள்.

வெளிச்சம்தான் பிரச்சினை என்றால் டிஎஸ்எல்ஆருக்குச் சிக்மாவின் 17-50 எஃப் 2.8. மிரர்லெஸ்ஸில் சிக்மாவின் 18-50 எஃப் 2.8 முந்நூறு கிராமுக்குள் அடங்கிவிடும். அதில் நடுக்கம் குறைக்கும் வசதி இல்லை என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டாம்ரானின் 17-70 எஃப் 2.8இல் அந்த வசதியும் உண்டு, தூரமும் கூட. எடையும் அதற்கேற்ப அரைக் கிலோவைத் தாண்டும். மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் பானாசோனிக்கின் 12-60, எடை 210 கிராம், ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24இல் தொடங்கி 120 வரை போகிறது. இந்த விலையில் இதைவிடப் பொருத்தமான பயண லென்ஸ் எனக்குத் தெரிந்து இல்லை. ஃபுல் ஃபிரேம் கேமராவில் 24-105 தான் காலங்காலமாக நிலைத்த அளவு. கேனானின் ஆர்எஃப் வகை மிரர்லெஸ் கேமராக்களுக்கு எஃப் 4-7.1 என்று மலிவான ஒன்று உண்டு. சோனிக்கு டாம்ரானின் 28-200 எஃப் 2.8-5.6 அகலத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத் தூரத்தில் நிறையக் கொடுக்கிறது. நான் அன்று வாங்கிய 28-200இன் அதே எண்கள்தான். ஃபுல் ஃபிரேமில் அது வேறு லென்ஸ்.

பொருந்துமா?

விலையைப் பார்த்து மகிழ்ந்து வாங்கிவிட்டு, கேமராவில் மாட்டும்போதுதான் பொருந்தவில்லை என்று தெரிந்துகொள்ளும் நிலை வரக் கூடாது. லென்ஸின் அடிப்பகுதி கேமராவில் பூட்டிக்கொள்ளும் இடத்துக்கு மவுன்ட் என்று பெயர். ஒரே நிறுவனத்துக்குள்ளேயே பல மவுன்ட்கள் உண்டு. கேனானின் பழைய ஈஎஃப் 1987இலிருந்து இருக்கிறது. மிரர்லெஸ்ஸுக்கான ஆர்எஃப் 2018இல் வந்தது. பழைய லென்ஸை அடாப்டர் போட்டுப் புது மிரர்லெஸ்ஸில் மாட்டலாம், நன்றாகவே வேலை செய்யும். மிரர்லெஸ் லென்ஸை டிஎஸ்எல்ஆரில் மாட்ட முடியாது. கேனானின் ஈஎஃப்-எஸ் லென்ஸ் அதே நிறுவனத்தின் ஃபுல் ஃபிரேம் டிஎஸ்எல்ஆரில் பூட்டாது.

நிக்கானில் ஒரு சிக்கல் உண்டு. டி3500, டி5600 போன்ற தொடக்கநிலைக் கேமராக்களுக்குள் குவிக்கும் மோட்டார் கிடையாது. லென்ஸில் ஏஎஃப்-எஸ் என்றோ ஏஎஃப்-பி என்றோ இருந்தால் தானாகக் குவியும். வெறும் ஏஎஃப், ஏஎஃப்-டி என்று இருந்தால் கையால்தான் திருக வேண்டும். பழைய லென்ஸ் மலிவாகக் கிடைப்பதன் காரணம் சில நேரம் இதுவாகவே இருக்கும்.

கையில் வாங்கியதும் செய்ய வேண்டியது

செகண்ட் ஹேண்ட் லென்ஸ் என்றால் ஒரு சின்ன டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள், கைபேசி வெளிச்சமும் போதும். இரண்டு மூடிகளையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து, முன்பக்கம் வழியாக உள்ளே பாருங்கள். நாலைந்து தூசித் துகள்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், படத்தில் வராது. சிலந்தி வலை மாதிரியோ வேர் பரவிய மாதிரியோ மெல்லிய இழைகள் தெரிந்தால் அது பூஞ்சை. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். உட்கண்ணாடியில் பால் கலந்த தண்ணீர் மாதிரி மங்கல் படர்ந்திருந்தாலும் வேண்டாம். முன்கண்ணாடியில் மயிரிழைக் கீறல் ஒன்று இருந்தால் அதற்காக விலையைக் குறைக்கக் கேளுங்கள், படத்துக்கு அது ஒன்றும் செய்யாது. பின்கண்ணாடிக் கீறல் அப்படியல்ல, அது படத்தில் தெரியும்.

அப்புறம் ஜூம் வளையத்தை மெதுவாக முனைக்கு முனை திருப்புங்கள். நடுவில் எங்காவது இடறினாலோ மணல் நெரிவது போல உணர்ந்தாலோ உள்ளே ஏதோ போயிருக்கிறது. லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்தால் தானாக நீண்டு இறங்குவது நீண்ட ஜூம்களில் பழகப் பழக வருவதுதான். பல லென்ஸ்களில் அதைப் பூட்டச் சின்ன விசை இருக்கும்.

புதியதோ பழையதோ, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். புத்தகம் அடுக்கிய அலமாரி முன்னால், கேமராவை முக்காலியிலோ மேசையிலோ நேராக வைத்து, அகல முனையில் துளையை முழுதாகத் திறந்து ஒரு படம், எஃப் 8இல் ஒரு படம் எடுங்கள். இழுத்த முனையிலும் அதே மாதிரி இரண்டு. கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கி, நான்கு மூலைகளில் உள்ள புத்தகங்களின் பெயரைப் படித்துப் பாருங்கள். நான்கு மூலைகளுமே நடுப்பகுதியைவிடக் கொஞ்சம் மங்கலாக இருந்தால் அது இந்த விலை லென்ஸின் இயல்பு. எஃப் 8இல் பெரும்பாலும் சரியாகிவிடும். மூன்று மூலைகளில் எழுத்து தெளிவாக இருந்து, ஒரே ஒரு மூலையில் மட்டும் எஃப் 8இலும் கரைந்து கிடந்தால், கேமரா அலமாரிக்கு நேராகத்தான் இருந்ததா என்று பார்த்துவிட்டு மறுபடி ஒரு தடவை எடுங்கள். அப்போதும் அதே மூலைதான் என்றால் உள்ளே ஒரு கண்ணாடி இடம் விலகியிருக்கிறது. அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே லென்ஸில் வேறொன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.